ஆறாம் நம்பர் ஸ்ட்ரிங்

12 ஜூன் 2024, புதன்

மதியழகன் ஆறாம் நம்பர் டென்னிஸ் ஸ்ட்ரிங்கை மொத்தம் இருபத்து நான்கு மணி நேரம் அடித்துப் பார்த்து, அறுந்து போகாததால் இன்று தானே கத்தரித்துவிட்டான்.

மத்தியானம் ஃபேக்டரிக்கு வந்து ராக்கெட்டை மேஜை மேல் போட்டான். “இனி இது அறுகாது மச்சான். நானே வெட்டிட்டேன். எத்தன நாளைக்கு இதுகூடயே மாரடிக்கறது?” என்றான். காலணா கூலி வாங்காமல் பதினான்கு மாதம் அடித்திருக்கிறான். கேட்டால், அக்கா ஊட்டு வேலைக்குக் கூலியா என்பான். என் மனைவி உஷாவுக்கு ஒரே தம்பி. பள்ளிக்கூடத்தில் பி.இ.டி. மாஸ்டர் உத்தியோகம், காலையில் என் ஸ்ட்ரிங், சாயந்திரம் பிள்ளைகளுக்கு டென்னிஸ். நாற்பத்து மூன்று வயதில் வேறு என்ன வேண்டும் அவனுக்கு.

இதை ஆரம்பித்து வைத்ததும் அவன்தான். நான் ஜிப்புக்கும் வடிகட்டித் துணிக்கும் பாலியஸ்டர் இழை இழுத்து விற்கிறவன். டென்னிஸ் ஸ்ட்ரிங்கும் அதே பாலியஸ்டர்தான் மச்சான், வெளிநாட்டுக்காரன்கிட்ட ஏன் வாங்கணும் என்றான். கழிவு நூல் மூட்டையைச் சைக்கிளில் கட்டி ஜலகண்டாபுரம் வரை மிதித்து வளர்ந்த எனக்கு இதெல்லாம் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? பிடித்துக்கொண்டேன்.

சோதனைக்கு நம் ஊர்ச் சட்டத்தையே வைத்தேன். குமாரபாளையத்தில் புது நூல் வந்தால் ஒரே தறியில், ஒரே ஆளை வைத்துத்தான் ஓட்டிப் பார்ப்போம். தறி மாறினாலோ ஆள் மாறினாலோ கோளாறு நூலிலா மற்றதிலா என்று தெரியாது. அதனால் ஒரே ராக்கெட், ஐம்பது பவுண்டு இறுக்கம், சங்ககிரி பக்கம் அவன் பள்ளிக்கூடத்து சிமெண்டுக் கோர்ட், பந்து வீச ஒரு மெஷின், அடிக்க மதி ஒருவன். வேறு யாரையும் தொட விடவில்லை.

முதல் நம்பர் ஒன்பது மணி நேரத்தில் அறுந்தது. இரண்டு, எட்டரை. மூன்று, பத்து. நான்காம் நம்பரில் இழை இழுக்கிற அடுப்பின் சூட்டைக் கொஞ்சம் ஏற்றச் சொன்னேன், பதிமூன்று. ஐந்து, பதினேழு. இப்போது இருபத்து நான்கிலும் அறவில்லை.

ஃபோர்மன் நாச்சிமுத்து மட்டும் தயங்கினான். “இழுவை மெஷின்ல மாட்டிப் பாத்தா மூணாம் நம்பரும் ஆறாம் நம்பரும் ஒரே எடையிலதானுங்க அறுகுது.”

“உன் மெஷின் டென்னிஸ் ஆடுமா?” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மதியும்.

22 ஜூன், சனி

கோவை மொத்தக்கடை ரமேஷ்குமார் முந்நூறு ரீல் எடுக்கிறான். பாக்கெட்டில் “24 மணி நேரம் அடித்துச் சோதித்தது” என்று அச்சடிக்கலாமா என்றான். போடு என்றேன். பொய் இல்லையே.

7 ஜூலை, ஞாயிறு

மதியும் அவன் பெண்டாட்டி நர்மதாவும் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்கள். முந்நூறு ரீல் போன சந்தோஷத்துக்கு நாட்டுக்கோழி. சாப்பிடும்போது மோர் டம்ளரைக் கீழே விட்டான், இலையெல்லாம் மோர்.

“ராக்கெட் பிடிக்கற கையாடா இது? ஒரு டம்ளரப் பிடிக்கத் தெரியல,” என்று உஷா தலையில் தட்டினாள்.

“உன் டம்ளரெல்லாம் எண்ணெப் பிசுக்கு. தேச்சுக் கழுவிப் பழகு மொதல்ல.”

அக்காளும் தம்பியும் அரை மணி நேரம் இதையே பேசிச் சிரித்தார்கள். நர்மதா மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு என் வீட்டில் எப்போதும் ஏதாவது குறை. நான் கண்டுகொள்ளவில்லை.

9 ஆகஸ்ட், வெள்ளி

ரமேஷ்குமார் போன். “அண்ணே, சேலத்துல ஒரு காலேஜ் புள்ள உங்க ஸ்ட்ரிங்க ஆறரை மணி நேரத்துல அறுத்து எடுத்துட்டு வந்து, கடைக்காரன் மூஞ்சில வீசாத குறையா வெச்சுட்டுப் போயிருக்குது. இது மூணாவது கம்ப்ளெயிண்டுங்க. மொத ரெண்டையும் நான் சொல்லல.”

ஏன் சொல்லவில்லை என்று அவன் மேல் பாய்ந்தேன். பாய்ந்து என்ன பண்ண?

11 ஆகஸ்ட், ஞாயிறு

சேலம் போய் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். தனப்பிரியா, இரண்டாம் வருஷம் படிக்கிறாள், பல்கலைக்கழக டீமில் ஆடுகிறாள். புது ஸ்ட்ரிங் ஒன்றைக் கையோடு கொண்டு போயிருந்தேன். மாட்டி அடிம்மா, பார்க்கிறேன் என்றேன். ஐம்பது பவுண்டு, நம் கணக்குத்தான்.

“இருபத்தி நாலு மணி நேரம்னு போட்டிருக்கீங்களே அங்கிள், யார் அடிச்சாங்க? உங்க தாத்தாவா?”

சிரித்துவைத்தேன். அவள் அடிக்க ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ஒவ்வொரு அடிக்கும் பட்டாசு மாதிரி சத்தம். இரண்டு மணி நேரம் கழித்து ராக்கெட்டை வாங்கித் தடவிப் பார்த்தேன். குறுக்கு இழையும் நெடுக்கு இழையும் சேருகிற இடத்திலெல்லாம் நகம் பதிகிற அளவுக்குப் பள்ளம். மதி வெட்டிக் கொண்டுவந்த ஸ்ட்ரிங்கில் இருபத்து நான்கு மணி நேரத்துக்கும் இத்தனை பள்ளம் இல்லை.

திரும்பி வரும்போது சங்ககிரி தாண்டுவதற்குள் கணக்குப் போட்டுவிட்டேன். மதி அடிக்கவே இல்லை. வீட்டில் படுத்துக்கொண்டு மணி நேரத்தை மட்டும் நோட்டில் எழுதியிருக்கிறான். முப்பது வருஷ வியாபாரத்தில் எத்தனை பேர் எடைக்கல்லில் மெழுகு வைத்து ஏமாற்றியிருக்கிறார்கள், எல்லோரையும் பிடித்திருக்கிறேன். சொந்த மச்சினனிடம் ஏமாந்தேன்.

14 ஆகஸ்ட், புதன்

கேட்டுவிட்டேன். அவன் வீட்டு வாசலில் வைத்தே.

“நேராச் சொல்லு மாப்ள. கோர்ட்டுக்குப் போனயா, இல்ல கட்டில்ல கெடந்துட்டு எழுதினயா?”

முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். பிறகு முகம் மாறியது. “என்ன மச்சான் பேசறீங்க?”

“முந்நூறு ரீலும் திரும்பி வருது. ஒரு புள்ள ஆறரை மணி நேரத்துல அறுத்துப்போடுது. உனக்கு மட்டும் எப்படி அறுகல? கூலி வாங்காத வேலதானேன்னு ஒப்பேத்திட்ட.”

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லும்போதே தெரிந்தது. கையை உயர்த்தி, இறக்கிவிட்டான். உள்ளே போய் ஆறாம் நம்பர் ரீல் ஒன்றை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, “சரிங்க மச்சான், மறுக்காவும் அடிக்கறேன்,” என்றான். அவ்வளவுதான். நான் வண்டி எடுக்கும்போது நர்மதா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் செய்தது சரிதான். வியாபாரம் வேறு, உறவு வேறு. — சரிதானா?

17 ஆகஸ்ட், சனி

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலை ஐந்தே முக்காலுக்கே பள்ளிக்கூடத்துப் பின்பக்கம், வேலிக்கு வெளியே காரை நிறுத்தி உட்கார்ந்தேன். அவனைப் பிடிக்கத்தான் போனேன். வர மாட்டான் என்று நிச்சயமாக நம்பினேன்.

ஆறுக்கெல்லாம் வந்துவிட்டான். வண்டிக்கு ஸ்டாண்ட் போட மூன்று தரம் முயன்றான். பந்து மெஷினின் பொத்தானை இடது கையால் அமுக்கினான். அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்து, ராக்கெட் பிடியை வலது உள்ளங்கையில் வைத்து, சுளுக்குக்குச் சுற்றுவோமே அந்தத் துணிப்பட்டை, அதை எடுத்து கையையும் ராக்கெட்டையும் சேர்த்துச் சுற்றினான். முனையைப் பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டான். கை மூடவில்லை. மூடாத கையில் ராக்கெட்டைக் கட்டிக்கொண்டு கோர்ட்டுக்குள் போனான்.

எட்டு மணி வரை ஆடினான். ஒரு நிமிஷம் குறையவில்லை. நான் கடிகாரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், பாவி. பந்து வந்து ராக்கெட்டில் பட்டது, அவ்வளவுதான். பாதி வலையிலேயே விழுந்தது. தாண்டியது துணி விழுகிற மாதிரி விழுந்தது. அந்தப் பெண் அடிக்கும்போது கேட்ட சத்தம் இங்கே இல்லை. காருக்குள் எதுவுமே கேட்கவில்லை.

எதிரில் ஒரு மனுஷன் நின்று ஆடியிருந்தால் என்னடா மதி, கைக்கு என்ன என்று கேட்டிருப்பான். பதினான்கு மாதமாக எதிரில் மெஷினை நிறுத்தி வைத்திருந்தேன்.

முடிந்ததும் பெஞ்சில் உட்கார்ந்து நோட்டில் எழுதினான். இரண்டு மணி நேரம் என்று எழுதுவதற்கு எத்தனை நேரமானது!

நான் இறங்கவில்லை. அவன் போகும்வரை சீட்டில் சரிந்து கிடந்தேன். இதையும் எழுதி வைக்கிறேன்.

18 ஆகஸ்ட், ஞாயிறு

அவன் பழைய நோட்டுகள் என் பீரோவில்தான் இருந்தன. மணி நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு உள்ளே வைத்திருந்தேன். இன்றுதான் படிக்கிறேன்.

போன வருஷம் ஏப்ரலில் எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. மூன்றாம் நம்பருக்கு ஆகஸ்டில் ஒரு பக்கம் முழுக்க: “சத்தம் பளிச்சுனு இருக்கு. பந்தைப் பிடிச்சு விடுது. தோள் வலி இல்லை. பத்து மணி நேரத்தில் அறுந்தாலும் பரவாயில்லை, இதுதான் மச்சான் நம்ம ஸ்ட்ரிங்.” பக்கத்தில் சிவப்பு மையில் என் எழுத்து: “பத்துதான். வேண்டாம்.”

நான்காம் நம்பரில் எழுத்து சாய்கிறது. ஐந்தாம் நம்பருக்கு இரண்டே வரி. ஆறாம் நம்பருக்கு வெறும் எண்கள், சின்னப் பிள்ளை எழுதிய மாதிரி பெரிதாக, கோடு தாண்டி வெளியே.

ஸ்ட்ரிங் கெட்டிப்படவில்லை. பத்து, பதிமூன்று, பதினேழு, இருபத்து நான்கு — அவன் கை போய்க்கொண்டிருந்த கணக்கு அது. அதைப் பார்த்து நாட்டுக்கோழி அடித்துச் சாப்பிட்டிருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு தடவி இழை எத்தனை தடிமன் என்று சொல்லும் எனக்கு, தினமும் எதிரில் வந்து நின்ற ஆளைத் தெரியவில்லை. ஆள் மாறக் கூடாது, ஆள் மாறக் கூடாது என்று நானே சட்டம் போட்டு...

20 ஆகஸ்ட், செவ்வாய்

உஷாவிடம் சொல்லி, அவளை அழைத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். காரில் வந்து பார்த்ததைச் சொன்னேன். கோபப்படுவான் என்று நினைத்தேன்.

“பாத்தேன் மச்சான். நம்ம ஊருல அந்தக் கலர் கார் யாரு வெச்சிருக்கா?”

“தெரிஞ்சுமாடா அடிச்சே?”

“பின்ன, மணி நேரம் சரியான்னு பாக்க வந்தீங்க. முழுசா பாத்துட்டுப் போவட்டும்னுதான்.”

உஷா அவன் கையைப் பிடித்து விரல் ஒவ்வொன்றாக நீட்டிப் பார்த்தாள். கட்டை விரலுக்குக் கீழே சதையே இல்லை. “எப்ப இருந்துடா சாமி?” என்றாள். நர்மதாதான் பதில் சொன்னாள்: “சட்டைக்குப் பட்டன் போட்டு விடறதே நான்தானுங்க அண்ணி. பொங்கல்ல இருந்து. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு.”

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். உஷாவிடமிருந்து கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

“அஞ்சாம் நம்பர் அடிக்கறப்பவே எனக்குப் பாதி தெரியுமுங்க மச்சான். ஆனா நீங்க ஸ்ட்ரிங் கெட்டியாயிட்டே வருதுன்னு சொன்னீங்க. அது நெசமா இருந்தா என் கைக்கு ஒண்ணும் இல்லைன்னு ஆவும். அதான், ஸ்ட்ரிங்கு நல்லாருக்குதுன்னே நானும் நெனச்சுக்கிட்டேன்.”

நான் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. வாசலில் வைத்துச் சொன்னதற்கு மன்னிப்பு. வாய் வரைக்கும் வந்தது. “டாக்டர்ட்ட போலாம், நாளைக்கே போன் பண்றேன்,” என்றுதான் வெளியே வந்தது.

5 செப்டம்பர், வியாழன்

கோயமுத்தூர். கையிலும் காலிலும் நாக்கிலும் ஊசி வைத்துப் பார்த்தார்கள். நரம்பு டாக்டர் சின்ன வயசுக்காரர், நிதானமாகப் பேசினார். தசையெல்லாம் ஒவ்வொன்றாகச் செயல் இழந்துகொண்டே போகும். கை, கால், பேச்சு, முழுங்குவது, கடைசியில் மூச்சு. புத்திக்கு ஒன்றும் ஆகாது. மருந்து கொஞ்சம் தள்ளிப் போடும், நிறுத்தாது. இரண்டு வருஷம், மூன்று வருஷம்; சிலருக்குக் கூடுதல்.

எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். மதிக்குச் சொல்லத் தெரியவில்லை, நர்மதாவுக்குப் பொங்கலிலிருந்துதான் தெரியும். நான் பையிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தேன். டாக்டர் புரட்டினார். தேதி, மணி நேரம், தேதி, மணி நேரம். போன வருஷம் நவம்பரில் விரல் வைத்து நிறுத்தினார்.

“இவ்வளவு தெளிவா யாரும் எழுதி வெச்சு நான் பாத்ததில்லைங்க,” என்றார்.

6 செப்டம்பர், வெள்ளி

ஆறாம் நம்பரை நிறுத்தச் சொன்னேன். நாச்சிமுத்து தானே போய் சுவிட்சை அணைத்தான்.

30 அக்டோபர், புதன்

திரும்பி வந்த ரீல்கள் கோடவுனில் கிடந்தன. தம்மம்பட்டிக்காரர் ஒருவர் பாகல் பந்தல் கட்டக் கம்பிக்குப் பதிலாக எடுத்துக்கொண்டு போனார். வெயிலுக்கும் மழைக்கும் தாங்குமா என்று கேட்டார். நன்றாகத் தாங்கும் என்றேன். பந்தலில் யாரும் பந்து அடிக்கப் போவதில்லை.

நாளை தீபாவளி. மதி பட்டாசு கொளுத்த வர மாட்டான். ஊதுபத்தி பிடிக்க முடியாது.

18 ஜனவரி 2025, சனி

மூன்றாம் நம்பரை மறுபடி இழுத்தோம். சோதிக்க தனப்பிரியாவைச் சங்ககிரிக்கு வரவழைத்தேன். மதியை பிளாஸ்டிக் நாற்காலியில் கோர்ட் ஓரம் உட்கார வைத்தோம். எதிரில் மெஷின் இல்லை. காலேஜ் பெண் இன்னொருத்தி நின்று ஆடினாள்.

மூன்று நாளாக ஆடுகிறார்கள். இன்று ஐந்தாவது மணி நேரம். மதி கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். சட்டென்று கை காட்டினான். அந்தக் கை இப்போது முழங்கைக்கு மேல் எழுவதில்லை.

“போதும் சாமி. செத்துருச்சு. அறுத்துரு.”

“நல்லாத்தானே போகுது மாஸ்டர்? இன்னும் ரெண்டு மணி நேரம் தாங்கும்.”

“தாங்கும். அறுகாம கெடக்கறது வேற, உசுரோட இருக்கறது வேற. சத்தம் கேளு, மத்தியானத்துச் சாதம் மாதிரி சொத சொதன்னு விழுகுது. இதுல ஆடினா உன் தோளுதான் போவும். தாத்தா சொல்றேன், கேளு.”

தனப்பிரியா ராக்கெட்டைக் கீழே வைத்துவிட்டாள். முகமெல்லாம் சிவந்துவிட்டது. தாத்தா கதையை அவனிடம் சொன்னது நான்தான். அவள் வந்து அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஸ்ட்ரிங்கைக் கத்தரித்தாள். அவன் சிரித்துக்கொண்டே இருந்தான். நான் தண்ணீர் எடுக்கிற சாக்கில் காருக்குப் போனேன். தண்ணீர் தேவைப்படவில்லை.

புதுப் பாக்கெட்டில் “ஐந்து மணி நேரத்தில் மாற்றவும்” என்று போடச் சொன்னேன். இப்படிப் போட்டு எவனாவது வியாபாரம் பண்ணுவானா அண்ணே என்கிறான் ரமேஷ்குமார். நான் பண்ணுகிறேன்.

3 ஜூன், செவ்வாய்

மதி இன்று “மச்சான்” என்றது எனக்குப் புரிந்தது. பக்கத்தில் நின்ற ரமேஷ்குமாருக்குப் புரியவில்லை.

21 செப்டம்பர், ஞாயிறு

சக்கர நாற்காலி வந்துவிட்டது. உஷா அதன் பிடிக்கு மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டு, பின்பக்கம் போய் அழுதாள்.

அவன் வாசலில் நான் சொன்னதற்கு இன்று மன்னிப்புக் கேட்டேன். ஒரு வருஷம் ஆயிற்று. அவன் ஏதோ சொன்னான். நர்மதா திருப்பிச் சொன்னாள்: “எந்த வாசல்னு கேக்கறாருங்க.” அவனுக்கு ஞாபகம் இருக்கிறது. கண்ணைப் பார்த்தால் தெரியாதா எனக்கு?

4 நவம்பர், செவ்வாய்

மதி கூலி கேட்டான். இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

நர்மதா வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஏழாம் நம்பர் ஸ்ட்ரிங்குக்கு அவன் காது வேண்டும் என்று கேட்கத்தான் போயிருந்தேன். சும்மா வர மாட்டாராம். வாரம் மூன்று நாள் கோர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டுமாம்.

பேரம் பேசிய வாய்ப் பழக்கம், “ரெண்டு நாள் வெச்சுக்கலாம் மாப்ள,” என்றேன். நர்மதா முறைத்தாள். மதி சிரித்தான், சிரித்ததில் புரையேறி, நிமிர்த்தி உட்கார வைத்து முதுகைத் தடவிக் கொடுக்க வேண்டியதாயிற்று. மூச்சு அடங்கியதும் மறுபடி ஏதோ சொன்னான். மூன்றுதானாம். ஒத்துக்கொண்டேன்.

பேசி முடித்தது: செவ்வாய், வியாழன், சனி. காலை ஆறரை. டிரைவர் கூடாது, நாற்காலியைத் தள்ளுவது நான். நிழல் பார்த்து நிறுத்தக் கூடாது, சத்தம் கேட்கிற இடத்தில் நிறுத்த வேண்டும். அவன் போதும் என்றால் போதும். இன்னும் அறவில்லையே என்று நான் பேசக் கூடாது. பேச்சு முழுக்க நின்ற பிறகு கண்ணால் சொல்வான். ஒரு தரம் சிமிட்டினால் ஆடலாம். இரண்டு தரம் சிமிட்டினால் கத்தரித்துவிட வேண்டும்.